'கன்ட்ரி' என்றால் பூர்வீக நிலமா?

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளில் ஓர் இனமான அன்மட்டியரின் ஓவியர் எமிலி காமே இங்வாரே. அவருடைய 'கன்ட்ரி' (Country) அல்ஹல்கெரெ என்பதைத் தமிழில் 'பூர்வீக நிலம்' என்று எழுதுகிறார்கள். ஏதோ அவர் பெயரில் பட்டா இருந்தது போல!

'கன்ட்ரி'யின் வேர் இலத்தீன் 'கொன்ட்ரா': எதிரே விரிந்து கிடக்கும் பரப்பு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ஆங்கிலத்தில் அது மண்ணோடு நிற்பதில்லை. நீர்நிலை, வானம், விலங்கு, மூதாதையர் நடந்த தடம், அத்தடத்தின் பாட்டு, மீறக்கூடாத நெறி எல்லாம் அதில் அடக்கம். கரையோர மக்களுக்குக் கடலும் கன்ட்ரிதான்.

'பூர்வீக நிலம்' என்றதும் நமக்குப் பாகப்பிரிவினையும் கிரயமும் வில்லங்கச் சான்றும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் நெறியில் விற்கும் பேச்சே கிடையாது. மனிதர்தான் நிலத்துக்கு உரியவர். பொறுப்பும் ஒரே வழியில் வருவதில்லை. வார்ல்பிரி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிடம் தந்தைவழியில் உரியவர் 'கிர்டா', தாய்வழியில் உரியவர் 'குர்டுங்குர்லு'. கிர்டா தன் குலத்தின் உருவங்களை வரைவார். முறை தவறாமல் வரைகிறாரா என்று பார்ப்பது குர்டுங்குர்லுவின் வேலை. இருவரையும் 'வாரிசு' என்று எழுதினால் பாதி விஷயம் போச்சு.

'தாய்நாடு' இன்னும் மோசம். கொடியும் எல்லைக்காவலும் கூடவே வந்துவிடும். 'சொந்த ஊர்' குடியிருப்போடு முடிந்துவிடும்.

'நாடு' மேல் குற்றமில்லை. பாரியின் பறம்புநாடு 300 ஊர்தான். கொல்லிமலையில் வளப்பூர்நாடும் வாழவந்திநாடும் இன்றைக்கும் ஊராட்சிப் பெயர்கள். நாடென்றால் பாஸ்போர்ட் என்பது நேற்று வந்த பொருள். ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக்கி வேறுபடுத்திவிடுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, முன்னால் ஒரு சொல் வேண்டும். 'குலநாடு' என்பதே சரி. சாதி வாடை அடிக்கிறதென்று 'இனநாடு' கேட்பவர்கள், குலதெய்வத்தை இனதெய்வம் ஆக்கிவிட்டு வரட்டும். அதோடு இனம் பெரிது: அல்ஹல்கெரெ அன்மட்டியர் எல்லோருக்கும் உரியதல்ல.

எமிலியின் பெயரில் வரும் 'காமே' என்பது அங்கே விளையும் கிழங்குக் கொடியின் விதை. பெயரிலேயே குலநாடு இருக்கிறது. 1995இல் ஏறத்தாழ 8 மீட்டர் அகலக் கறுப்புத் துணியில் அவர் ஓடவிட்ட வெள்ளைக் கோடுகள் அந்தக் கிழங்கின் வேர்ப்பின்னல்தான். அதைப் போய் 'இயற்கைக் காட்சி' என்கிறார்கள்.

பொருந்தாத சொல் இன்னொன்று, 'கலாச்சாரப் பரிமாற்றம்'. மார்பிலும் தோளிலும் காவிமண் கோடுகள் தீட்டிப் பாடும் 'அவெல்யெ' சடங்கை அன்மட்டியரின் மூத்த பெண்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல். இது கையளித்தல்.