சொல் விளக்கம்: கவர் பாடல்

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு திருமண வரவேற்பில் மெல்லிசைக் குழுவினர் ‘தொட்டால் பூ மலரும்’ பாடினால், பழைய பாட்டை நன்றாகப் பாடுகிறார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே பாட்டை ஓர் இளைஞர் கிட்டார் துணையுடன் பதிவு செய்து வெளியிட்டால் அதற்குக் ‘கவர்’ என்று பெயர் வந்துவிடுகிறது. முன்பே ஒருவர் பாடி வெளிவந்த பாட்டை, மெட்டும் வரிகளும் அடையாளம் மாறாதபடி, வேறொருவர் தம் குரலிலும் தம் இசைச்சேர்ப்பிலும் மீண்டும் வழங்குவதே கவர். மேடையில் பாடுவதையும் ஆங்கிலத்தில் அவ்வாறு சொல்வதுண்டு என்றாலும், சொல் பிறந்த இடம் இசைத்தட்டு வணிகமாகும்.

கவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை தபால் உறையும் மொய்க் கவரும் பால் கவரும் என்பதால், ‘உறைப்பாடல்’ என்று பெயர்க்கத் தோன்றலாம், அது பிழை. ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்னும் குறளில் வரும் கவர்தலோடு இணைத்து, மனத்தைக் கவரும் பாட்டு என்று விளக்குவதும் அழகாக இருக்குமே தவிர உண்மையாகாது. இங்கே இருப்பது வெறும் ஒலியொப்புமை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் பாட்டு விற்பனையாகத் தொடங்கியதுமே, போட்டி நிறுவனம் அதே பாட்டைத் தன் பாடகரைக் கொண்டு விரைந்து பதிவு செய்து, அந்த விற்பனையில் தன் பங்கைக் காத்துக்கொள்ளும். ஆகவே அந்தச் சொல்லுக்குள் இருப்பது ஈடுகட்டுதல் என்னும் வணிகப் பொருளே. 1955இல் கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டோமினோ பாடிய ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ பாட்டை அதே ஆண்டில் வெள்ளையரான பேட் பூன் பாடி அதைவிடப் பரவலான வெற்றி பெற்றார் என்பதை, இச்சொல்லின் வரலாற்றிலிருந்து மறைத்துவிடக் கூடாது.

காலப்போக்கில் வணிகப் பொருள் தேய்ந்தது. ‘அன்செயின்டு மெலடி’ என்னும் காதல் பாட்டு, அலெக்ஸ் நார்த் இசையில் ஹை ஜாரெட் எழுத, 1955இல் ஒரு படத்துக்காகப் பிறந்து, அவ்வாண்டிலேயே பலரால் பாடப்பட்டது. ஆனால் 1965இல் ரைச்சஸ் பிரதர்ஸ் வெளியிட்ட பதிவையே உலகம் மூலம் என்று நினைக்கிறது. 1990இல் ‘கோஸ்ட்’ படத்தில் ஒலித்ததும் அதுதான். பின்னால் வந்த குரல் முன்னதை மறக்கச் செய்த பிறகு, அதை ஈடுகட்டல் என்று எப்படிச் சொல்வது?

தமிழில் ‘மறுபாடல்’ என்று சிலர் எழுதலாம். ‘மறு’ என்பதற்கு மற்றொன்று என்றும் களங்கம் என்றும் பொருள் உண்டு என்பதோடு, மறுமொழி போல எதிர்ப்பாட்டு என்னும் மயக்கமும் நேர்கிறது. மீள்பதிவு, மீள்பார்வை ஆகியவை ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் ‘மீள்பாடல்’ என்பதையே நான் தேர்வேன். பாடல் என்பது பாட்டையும் பாடும் செயலையும் ஒருங்கே குறிப்பது இதற்குக் கூடுதல் வலிமை. ரீமிக்ஸ் இதனின்று வேறானது. அதில் பதிவான ஒலித்தடங்களையே எடுத்து மாற்றிக் கலக்கிறார்கள்.

எல்லையில் நிற்கும் ஒரு சான்றும் உண்டு. மீனவர் வாழ்வைச் சொல்லும் ‘படகோட்டி’ படத்துக்காக வாலி எழுதிய ‘தொட்டால் பூ மலரும்’ பாட்டுக்கு 1964இல் விசுவநாதன் - ராமமூர்த்தி இசையமைக்க, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினார்கள். 2004இல் ‘நியூ’ படத்தில் ஏ.ஆர். ரகுமான் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டைப் புதிதாக அமைத்தார். மெட்டு மாறிவிட்டதால் இதை மீள்பாடல் என்பதைவிட ‘மறுமெட்டு’ என்பதே பொருந்தும்.

இதன் நேரெதிர் வழக்கம் வடசென்னைக்கு நெடுநாள் உரியது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கானா பாடுவோர் தெரிந்த திரைப்பாட்டின் மெட்டை எடுத்துத் தம் தெருவையும் இறந்த நண்பரையும் பற்றிய சொந்த வரிகளை அதில் ஏற்றுவார்கள். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பழைய பாட்டுப் புத்தகங்களில் வரிகளுக்கு மேலே இன்ன பாட்டின் ‘வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். நந்தனார் சரித்திரப் பாட்டுகளின் மெட்டில் எழுதிய பாரதியாரும் அப்படியே குறித்திருக்கிறார்.