காஸமர்: சிலந்தி விட்டுப் போன நூல்

'காஸமர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சல்லாத் துணிக்கும் சொல்வார்கள். ஆனால் மூலப்பொருள், காற்றில் மிதந்து வந்து புல்லில் படியும் சிலந்தி நூல். 'கூஸ்' (பெருவாத்து), 'சம்மர்' (கோடை) இரண்டும் சேர்ந்து மருவிய சொல் இது. ஐரோப்பாவில் நவம்பர் வாக்கில், வாத்துக் கறி சமைக்கும் நாட்களில், குளிருக்கு நடுவே கொஞ்சம் வெயில் அடிக்கும். வயலெல்லாம் இந்த நூல் மின்னுவது அப்போதுதான். பருவத்தின் பெயர் நூலுக்கு ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஜெர்மன் மொழியிலும் அந்தப் பருவத்துக்கும் நூலுக்கும் ஒரே பெயர்தான்.

சரி, வலை பின்னாமல் சிலந்தி ஏன் நூலைக் காற்றில் விடுகிறது? பறப்பதற்கு! 1832இல், அர்ஜென்டினா கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, பீகிள் கப்பலின் கயிறுகளில் ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள் வந்து இறங்கியதை டார்வின் பார்த்தார்.

நண்டுச் சிலந்தி புறப்படுவதைப் பாருங்கள். முன்னங்காலை உயர்த்திச் சில நொடி காற்றைச் சோதிக்கும். அப்புறம் எட்டுக் கால்களின் நுனியில் எம்பி நின்று, வயிற்றைத் தூக்கி, ஐம்பது அறுபது இழைகளை விடும். ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. நீளமோ சராசரியாக மூன்று மீட்டர். இத்தனை மெல்லிய இழைக்குக் காற்று தேன் போலக் கெட்டியானது. அதனால் இளங்காற்றே பிடித்துத் தூக்கிவிடும்.

காற்றே இல்லாவிட்டால்? வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் தரைக்கு மேலே மீட்டருக்கு 100 வோல்ட் அளவுக்கு மின்புலம், அதாவது மின்னூட்டம் உள்ள பொருளை இழுக்கும் அல்லது தள்ளும் விசை, இருக்கிறது. 2018இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா மார்லியும் டேனியல் ராபர்ட்டும் சிலந்திகளைக் காற்று புகாத பெட்டியில் விட்டு மின்புலத்தை ஏற்படுத்தினார்கள். சிலந்திகள் கால் நுனியில் எம்பின. சில மேலே எழும்பின. நிறுத்தியதும் கீழே இறங்கின. சிலந்தி பறப்பதை ஆராயவா பணம் என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பெட்டியை ஒரு முறை பார்க்க வேண்டும்.

மின்புலம் இருப்பது சிலந்திக்கு எப்படித் தெரிகிறது? கால்களில் நுண்ணிய உணர்முடிகள் உண்டு. மின்புலம் வந்ததும் அவை அசைந்ததை இருவரும் அளந்து பார்த்தார்கள்.