‘கிளேரிங்’ சாதனை புரிந்தவர்கள் கவனத்துக்கு

மறுபடியும் ஆங்கிலத்தில் ஒரு வேலை விண்ணப்பம், மறுபடியும் ‘கிளேரிங் அச்சீவ்மென்ட்’. பளிச்சென்று தெரிகிற சாதனை என்று சொல்ல நினைத்திருக்கிறார், பாவம். ‘கிளேரிங்’ என்ற சொல் பிழை, ஓட்டை, அநியாயம் போன்றவற்றோடுதான் சேரும்: கிளேரிங் எரர், கிளேரிங் ஒமிஷன். தேர்வாளர் அந்த வரியிலேயே சிரித்துவிடுவார். ‘பிளேட்டன்ட்’ இன்னும் மோசம். தெரிந்தே, கூச்சமில்லாமல் செய்கிற தப்புக்கான சொல் அது. பிளேட்டன்ட் லை என்றால் பச்சைப் பொய்.

ஒத்தசொல் பட்டியலில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம் என்ற நினைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். போட முடியாது. பட்டியல் பொருளின் சாயலை மட்டுமே காட்டும். எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும், பாராட்டா பழிப்பா என்று சொல்லாது. ‘கான்ஸ்பிக்யுவஸ்’ (கண்ணில் படும்படியான) ஒன்றையே பாருங்கள். போர் வீரத்துக்கான பிரிட்டனின் உயரிய விருதான விக்டோரியா கிராஸின் விருதுக் குறிப்புகளில் அது வீரத்துக்கு அடைமொழி. 1899-இல் அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டைன் வெப்லென் எழுதிய ‘கான்ஸ்பிக்யுவஸ் கன்சம்ஷன்’ ஊர் பார்க்கச் செய்யும் படாடோபச் செலவு. ‘ஐ ஃபெல்ட் கான்ஸ்பிக்யுவஸ்’ என்றால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்களோ என்ற கூச்சம். வரவேண்டியவர் வராமல் அந்த வெறுமையே கண்ணில் பட்டால் ‘கான்ஸ்பிக்யுவஸ் பை ஹிஸ் ஆப்சென்ஸ்’; அங்கே ‘பை’தான், ‘இன்’ போடாதீர்கள்.

‘நோட்டிசபிள்’ அடக்கமான சொல்: கவனித்தால் தெரியும், அவ்வளவே. நோயாளியிடம் நோட்டிசபிள் முன்னேற்றம் என்றால் குணமாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஆப்வியஸ்’ யோசிக்காமலே புரிவது. ‘எவிடென்ட்’ சான்றுகளைப் பார்த்தால் புரிவது. ‘ப்ராமினென்ட்’ துருத்திக்கொண்டு நிற்கும் மூக்குக்கும் பொருந்தும், முக்கியப் புள்ளிக்கும் பொருந்தும். ‘சேலியன்ட்’ அறிக்கையின் முக்கிய அம்சங்களுக்கு, ‘ஸ்ட்ரைக்கிங்’ அழகுக்கும் ஒற்றுமைக்கும். ‘அவுட்ஸ்டாண்டிங்’ பணத்தோடு வந்தால் நிலுவை! ‘அவுட்ஸ்டாண்டிங் ஒர்க்’ என்றால் பிரமாதமான வேலையா, முடிக்காத வேலையா என்று படிப்பவர் குழம்புவார்.

தயவுசெய்து ஒரு வேலை செய்யுங்கள். புதுச்சொல்லைப் போடுமுன், கற்போருக்கான ஆங்கில அகராதியில் அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் மூன்றையாவது படியுங்கள். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொற்கள் எல்லாம் குற்றமும் குறையுமாக இருந்தால் உங்கள் சாதனையை அங்கே கொண்டு போகாதீர்கள். சந்தேகம் தீரவில்லையா? ‘கிளியர்’ போதும். இல்லையென்றால் அடைமொழியே வேண்டாம், விற்பனை எத்தனை சதவீதம் கூடியது என்று எழுதுங்கள். ‘நோட்டிசபிள்’ எழுதும்போது ‘நோட்டிஸ்’ முடிவில் உள்ள ‘ஈ’ எழுத்தைத் தின்றுவிடாதீர்கள்; அது போனால் ‘சி’யை ‘க’ என்று வாசிப்பார்கள்.