நங்கூரத்தில் கடலடிக் கேபிள் மாட்டினால்

இணையத்தையும் தொலைபேசியையும் கடலடியால் இலங்கைக்குக் கொண்டுவரும் சர்வதேசக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கமாகவே கரையேறுகின்றன. அதனால் கல்முனையிலோ பொத்துவிலிலோ விடியப் போய்ப் பகலில் திரும்பும் தோணிக்காரர் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வாழைச்சேனையில் கிளம்பி, மீன் விற்கவோ காற்றுக்கு ஒதுங்கவோ தெற்குத் துறைமுகங்களுக்குப் போகும் பலநாள் படகுக்காரர்தான் கவனிக்க வேண்டும்.

மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கேபிளை உங்கள் நங்கூரம் எட்டாது. மேலே மிதக்கும் வலையாலும் ஆபத்தில்லை. உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள் வருகின்றன. பெரும்பாலானவை ஆழம் குறைந்த இடங்களில், நங்கூரத்தாலும் இழுவை மடியாலும் வருபவை. அங்கே கேபிளை ஒரு மீட்டரளவு புதைப்பார்கள். பாறைத் தரையில் அதற்கு வழியில்லை. மணலில் புதைத்ததையும் நீரோட்டம் அரித்து வெளியே கொண்டுவந்துவிடும்.

ஆழ்கடலில் கேபிளின் தடிப்பு சுமார் 2 செ.மீ. கரையோரத்தில் இரும்புக் கம்பிக் கவசம் இரண்டு சுற்று வருவதால் 5 செ.மீ. வரை இருக்கும். உள்ளே தகவலை ஒளியாகக் கடத்தும் தலைமயிர் அளவுக் கண்ணாடி இழைகள். அவற்றைச் சூழச் செம்பு. 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாக உள்ள ஒளிப்பெருக்கிகளுக்குச் செம்பு வழியாகத்தான் மின்சாரம் போகிறது. நீண்ட பாதைகளில் அது ஆயிரக்கணக்கான வோல்ட். வெட்டுகிறவருக்கு உயிராபத்து.

நங்கூரம் வழமைக்கு மாறாக இறுகி, இழுக்க இழுக்கப் படகு சாய்ந்தால் வின்சை உடனே நிறுத்துங்கள். பாரம் கூடினால் கேபிள் அறுவதற்கு முன் படகு கவிழலாம். ஜிபிஎஸ் இடம், நேரம், ஆழம் மூன்றையும் குறியுங்கள். கயிற்றைத் தளர்த்தி, நங்கூரம் போட்ட திசைக்கு எதிராக மெல்ல நகர்ந்து பாருங்கள். கழலவில்லையா, கயிற்றில் மிதவை கட்டி அறுத்து விடுங்கள். விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் அறிவியுங்கள்.

நங்கூரம் போன நட்டம்? இலங்கை 1994இல் ஏற்ற ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 115ஆம் உறுப்புரைப்படி, கேபிளைக் காக்க நங்கூரத்தையோ வலையையோ இழந்ததை நிரூபித்தால் கேபிள் உரிமையாளர் ஈடு தர வேண்டும். ஆனால் முன்னெச்சரிக்கையாக நடந்திருக்க வேண்டும். கடல் வரைபடத்தில் ஊதாச்சிவப்பு நெளிகோடாகக் காட்டியிருக்கும் பாதையின் மேல் நங்கூரம் போட்டவரின் வாதம் எடுபடுவது கடினம். நடந்ததை அங்கேயே எழுதி, ஆட்கள் எல்லோரும் கையொப்பமிட்டு, கரைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் கொடுப்பது நல்லது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பழுது பார்க்கும் கப்பல் அறுந்த கேபிளின் ஒரு நுனியை மிதவையில் கட்டிவிட்டு மற்றதைத் தேடும். அந்த நேரம் அதால் சட்டென விலக முடியாது. இரவில் மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு விளக்குகள் தெரிந்தால் ஒரு கடல் மைல் விலகி ஓடுங்கள். மிதவைக்குக் கால் கடல் மைல் விடுங்கள்.