ஒட்டாமல் போன சவ்வு

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஆறு மாதக் கர்ப்பிணியான அவருடைய தங்கைக்குத் திடீரென்று வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. தஞ்சாவூரில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டு "இதயத்தில் சின்ன ஓட்டை" என்றார்களாம். ஓட்டை இதயத்தில் இருக்க, பக்கவாதம் எப்படி வரும்?

அந்த ஓட்டை நம் எல்லோருக்கும் இருந்ததுதான். கருவில் நுரையீரலுக்கு வேலையில்லை. ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. அந்த ரத்தம் வலது மேலறையிலிருந்து நேரே இடது மேலறைக்குப் போக நடுச்சுவரில் ஒரு வழி உண்டு. ஃபோரமென் ஓவேல் என்பார்கள். குழந்தை பிறந்து வீறிட்டு அழுததும் நுரையீரல் விரிகிறது, இடப்பக்கம் அழுத்தம் கூடுகிறது, அங்குள்ள மெல்லிய சவ்வு வழியை அடைத்துக் காலப்போக்கில் ஒட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ நாலு பேரில் ஒருவருக்கு ஒட்டுவதில்லை. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொல்லையும் கிடையாது.

மதகைத் திறந்தால் நீர்மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்துதானே தண்ணீர் பாயும்? இங்கும் அப்படித்தான். வழக்கமாக இடப்பக்க அழுத்தம் அதிகம். சவ்வு சாத்தியே கிடக்கும். மூச்சை அடக்கி முக்கிவிட்டு விடும்போது, தேங்கி நின்ற ரத்தம் வலது மேலறைக்குள் ஒரேயடியாகப் புகுகிறது. அந்தச் சில துடிப்புகளுக்குச் சவ்வு விலகுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். உப்புநீரில் துளி காற்றைச் சேர்த்து, இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே வேகமாகத் தள்ளித் தள்ளி நுரைக்கவைத்துக் கை நரம்பில் ஏற்றுவார்கள். எக்கோ திரையில் வலது மேலறை பளிச்சென்று வெளுக்கும். குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடுமாதலால் இடப்பக்கம் கருப்பாகவே இருக்க வேண்டும். "முக்கும்மா... இப்ப விடு" என்றதும் மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், வழி திறந்திருக்கிறது.

குமிழி போகும் வழியில் ரத்தக்கட்டியும் போகும். கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும். பிரசவத்தில் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த உடல் செய்யும் ஏற்பாடு அது. வளர்ந்த கருப்பை வயிற்றின் பெருஞ்சிரையை அழுத்த, கால்களில், அதிலும் இடது காலில், ரத்தம் தேங்கிக் கட்டலாம். அந்தக் கட்டி இடது மேலறைக்குத் தாண்டிவிட்டால் அடுத்து மூளைக்குப் போய் ரத்தக்குழாயை அடைக்கலாம். அதுதான் பக்கவாதம். பிரசவ அறையில் முக்குவதும் அதே முக்கல்தான்.

சிகிச்சை உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. அதே வேலைக்கான வார்ஃபரின் மாத்திரை போகும், ஆகவே தவிர்க்கப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் தொடைச் சிரை வழியாக நிட்டினால் என்ற உலோகக் கலவையாலான கம்பி வலையைச் சுருட்டிக் கொண்டுபோய், சுவரின் இருபுறமும் தட்டுப்போல விரித்து ஓட்டையை அடைப்பார்கள். எக்ஸ்ரேயை மிகக் குறைத்து, அல்ட்ராசவுண்டு துணையோடு கர்ப்பத்திலும் செய்திருக்கிறார்கள். பலருக்குப் பிரசவம் வரை ஊசியே போதும்.

அடைப்பதால் மறுபடி பக்கவாதம் வருவது குறைகிறது என்று காட்டிய பெரிய ஆய்வுகள் 2017இல் வெளியாயின. அவை கர்ப்பிணிகளிடம் செய்யப்பட்டவை அல்ல. அவர்களுக்கென்று ஆய்வு நடத்த அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி என்று வீட்டில் திட்டுகிறார்களாம். அந்தப் பெண் பிறந்த நாளிலிருந்தே இருக்கும் ஓட்டைக்கும் கிரகணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தயவுசெய்து அவள்மேல் பழி போடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு முதல் நாலரை மணி நேரம்தான் கெடு.