அஞ்சு லட்சத்துக்குக் கார்டு இருக்கு, ஆனால் கொலோனோஸ்கோபிக்கு?

தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருக்கும் குடியிருப்பில், இருக்கும் ஒரு அண்ணாச்சி, மலத்தோடு ரத்தம் போவதை எட்டு மாதமாக மூலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். லோக்கல் ரயில் பெட்டியில் மூல வைத்திய நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அதைப் பார்த்துப் போய்க் களிம்பும் வாங்கிப் போட்டார். அப்புறம் ஒரு டாக்டர் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, எடுக்கச் சொன்னதும், "அதான் அரசு காப்பீட்டுக் கார்டு இருக்கே தம்பி" என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மேசையில் இருந்த ஆரோக்யமித்ரா, அதாவது திட்டத்துக்கு வழிகாட்டும் ஊழியர், பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் கொண்டு வாங்க, அப்புறம் கார்டைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்குக் கோபம். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது, இதைத்தான் நம் ஆட்கள் பலரும் தெரியாமல் இருக்கிறார்கள்.

மகாராஷ்டிராவில் இருப்பது மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய யோஜனா. 2012-இல் வேறு பெயரில் தொடங்கி, இப்போது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. முன்பு ரேஷன் கார்டு மஞ்சளா, கேசரியா (ஆரஞ்சு நிறம்) என்று பார்த்தார்கள், இப்போது வெள்ளைக் கார்டுக்காரர்களுக்கும் உண்டு. 70 வயது ஆனவர்களுக்கு வருமானமே பார்க்காமல் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு தனியாக இருக்கிறது, 2024 அக்டோபரிலிருந்து. அதற்கு ஆதார் இருந்தால் போதும்.

ஆனால் இது படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கான திட்டம். பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியானால், ஆஸ்பத்திரியே முன் அனுமதிக்கு அனுப்பும், ஆபரேஷனும் கதிர்வீச்சும் பேக்கேஜில் வரும். கீமோவுக்கு ராத்தங்க வேண்டாம், காலையில் போய் சாயங்காலம் திரும்பினாலும் கணக்கில் எடுப்பார்கள். வெளிநோயாளியாகப் போய் எடுக்கும் சோதனைதான் பொதுவாக நம் தலையில் விழும்.

சரி, அரசே கூப்பிட்டுச் சோதிப்பதில்லையா என்றால், 30 வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்று நடக்கும் தேசியப் பரிசோதனையில் வாய், மார்பகம், கருப்பைவாய் இந்த மூன்று புற்றுநோய்தான் இருக்கிறது. குடல் இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் வருமுன் தடுக்க முடிகிற புற்றுநோய்களில் இது ஒன்று. குடலின் உள்சுவரில் சின்னச் சதை வளர்ச்சியாக, பாலிப் என்பார்கள், தொடங்கி அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம் போலப் பிடிக்கிறது. கொலோனோஸ்கோபியில் பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அதே குழாய் வழியாகவே எடுத்துவிடுவார்கள், கதை அங்கேயே முடிந்தது.

அதனால் யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப்போக்கு, காரணம் தெரியாமல் எடை குறைவது, ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை, இதில் எது இருந்தாலும் சயான் ஆஸ்பத்திரிக்கோ பரேல் கேஇஎம் ஆஸ்பத்திரிக்கோ போய்க் கேஸ் பேப்பர் (வெளிநோயாளிச் சீட்டு) போடுங்கள். மாநகராட்சி ஆஸ்பத்திரி, தனியாரைவிடச் செலவு ரொம்பக் குறைவு, வரிசைதான் நீளம். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், தொந்தரவே இல்லாவிட்டாலும் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது டாக்டரிடம் கேளுங்கள். மாதச் சம்பளக்காரர்கள் ஒன்று கவனிக்கலாம்: பழைய வரி முறையில் இருந்தால், முன்கூட்டிச் செய்யும் உடல் பரிசோதனைக்கு வருமான வரிக் கணக்கில் 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம், ரொக்கமாகக் கட்டியிருந்தாலும்.

நமக்கென்றே ஒரு தொல்லை, பெயர். ஆதாரில் ஊர் வழக்கப்படி இனிஷியலோடு "மா. முருகன்" என்று இருக்கும். இங்கத்திய ரேஷன் கார்டிலோ மராத்திக்காரர் மாதிரி பெயர், அப்பா பெயர், சாதிப் பெயர் என்று மூன்றாக எழுதியிருப்பான். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று மேசையில் நின்று நிரூபிக்க ரெண்டு நாள் போகும். நோய் வரும் முன்பே திருத்திவிடுங்கள். திருநெல்வேலி ரேஷன் கார்டை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாநிலத் திட்டம் கிடைக்காது. இங்கே கார்டு போடுங்கள், இல்லையென்றால் டொமிசைல் சான்றிதழ் (இந்த மாநிலத்தில் வசிப்பவர் என்ற சான்று) வாங்குங்கள். திட்டத்தில் இருந்தும் பணம் கேட்டால் 155388-க்கு அடிக்கலாம்.

அண்ணாச்சி கடைசியில் மாநகராட்சி ஆஸ்பத்திரியில்தான் கொலோனோஸ்கோபி எடுத்தார். அதற்கு முதல் நாள், குடலைச் சுத்தம் செய்யும் பவுடரை ரெண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் விடிய விடிய வயிறு போகும், எங்கள் சாலிலோ பொதுக் கழிப்பறை, ராத்திரி பன்னிரண்டுக்கும் வரிசை. டாக்டரிடம் இதைக் கூச்சப்படாமல் சொன்னார். முதல் நாளே வார்டில் படுக்கை கொடுத்தார்கள்.