காதுக்கருவி இருந்தும் ஆசிரியரின் கழுத்தில் ஏன் ஒரு மைக்?

காதுக்கருவி மாட்டிய பிள்ளையை முதல் பெஞ்சில் உட்காரவைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. கருவியின் மைக் பிள்ளையின் காதோரம் இருக்கிறது. மின்விசிறியின் இரைச்சல், பெஞ்சு இழுபடும் சத்தம், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு எல்லாம் ஆசிரியர் குரலோடு சேர்ந்தே அதில் நுழையும், சேர்ந்தே பெருகும்.

திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் (ஒலியின் அளவு) குறையும். 1 மீட்டரில் 65 டெசிபெல்லாக இருக்கும் குரல் 4 மீட்டரில் 53தான். அறை இரைச்சல் 55 என்றால் குரல் அதில் மூழ்கிவிடும். செவித்திறன் குறைந்த பிள்ளைக்கோ, குரல் இரைச்சலைவிட 15 டெசிபெல்லாவது மேலே நிற்க வேண்டும். முதலில் தொலைவது மெய்யொலிகள். உயிரொலிகளின் வலு அவற்றுக்கு இல்லை. 'கல்', 'பல்' இரண்டுமே 'அல்' ஆகிவிடும். கத்திப் பேசினாலும் பலனில்லை, உயிரொலிதான் இன்னும் ஓங்கும்.

அதனால் மைக்கையே வாய்க்கு அருகில் கொண்டுபோகிறார்கள். வாய்க்கு 15–20 செ.மீ. கீழே மாட்டினால், 1 மீட்டரில் கேட்பதைவிட ஏறக்குறைய 14 டெசிபெல் கூடுதலாகக் குரல் கிடைக்கும். அது எஃப்.எம். அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் அலையாகக் காதுக்கருவியில் பொருத்திய ரிசீவருக்கு, அதாவது அலையை வாங்கும் சிறு பாகத்துக்குப் போகிறது. சாதாரண புளூடூத் மைக் வேண்டாம்: ஒலி 100 மில்லிநொடிக்கு மேலும் தாமதிக்கலாம், உதட்டசைவு ஒருபக்கம், சொல் ஒருபக்கம்.

ரிசீவர் பொருத்த முடியாத கருவியில் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் இருந்தால், மைக்கின் அலையை வாங்கும் ஒரு கம்பி வளையத்தைப் பிள்ளையின் கழுத்தில் போட்டுக் கருவியை 'டி' நிலைக்கு மாற்றலாம். வளையத்தின் காந்தப்புலத்தை அந்தச் சுருள் பிடித்துக்கொள்ளும். பழைய டியூப்லைட் சோக், மின்கம்பி அருகே உட்கார்ந்தால் 'ம்ம்' என்ற ரீங்காரம் வரும். இடத்தை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். 'டி' மட்டும் வைத்தால் கருவியின் சொந்த மைக் அணைந்து, பக்கத்துப் பிள்ளை பேசுவது கேட்காது. மைக், டெலிகாயில் இரண்டும் சேர்ந்து இயங்கும் 'எம்டி' நிலை இருந்தால் அதுவே நல்லது.

கோளாறுகள் பெரும்பாலும் அற்பமானவை. அடையாள அட்டையின் சங்கிலியோ புடவைத் தலைப்போ மைக்கில் உரசினால், பிள்ளையின் காதில் இடியோசை. காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆறையும் சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'ஸ்' மட்டும் விடுபட்டால் உயர் அதிர்வெண் ஒலிகள் போய்ச் சேரவில்லை என்று பொருள். கருவியின் காதுக்குழாயில் அடைப்பு, ஈரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆறுமே கேட்காவிட்டால் பேட்டரியைப் பாருங்கள்.

மியூட் பொத்தானையும் மறக்க வேண்டாம். அதை அழுத்தாமல் போனால் ஆசிரியர் அறை அரட்டை பிள்ளைக்குத் தெளிவாகவே கேட்கும். வகுப்பில் வேறு மாணவர் பதில் சொல்லும்போது மைக்கை அவர் கையில் கொடுங்கள். முடியாவிட்டால் பதிலை நீங்களே மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.